ஈஸ்வரி பெயரில் போகும் மெயில்

பாபநாசத்தில் என் தையல் கடைக்கு எதிரே கோவிந்தராசுவின் அரிசி ஆலை. அதன் ஆபீஸ் ஜன்னலுக்குத் துணி போட வேண்டும், அளவெடுக்க வாருங்கள் என்று ஒரு மதியம் கூப்பிட்டார்கள். ஒரே ஜன்னல், ஐந்து நிமிஷ வேலை. நான் முக்கால் மணி நேரம் அளந்தேன். காரணம், தஞ்சாவூரிலிருந்து ஜெயபாரதி என்று ஒரு கம்ப்யூட்டர் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். எதற்கு வந்தாள் என்று தெரியாமல் ஸ்டூலை விட்டு இறங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

ஆலைக்குள் நுழைந்தாலே ஊறல் வாடை மூஞ்சியில் அறையும். புழுங்கல் அரிசிக்காகத் தொட்டியில் நெல்லை ஊறப் போடுகிற தண்ணீர் புளித்து, நுரைத்து, கழுவாமல் மூடிவைத்த பழைய சோற்றுப் பானையைப் போல நாறும். இந்தத் தெரு மூக்குகளுக்கு அது பழக்கம். ஆனால் அன்று ஆபீஸ் அறையில் இருந்தது வேறு. ஏசி ஓடியது, ஊதுவத்தி புகைந்தது, எதையோ எலுமிச்சை வாசனையில் பீய்ச்சியும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ இனிப்பாக அழுகிக்கொண்டிருந்தது.

"எலி ஏதும் செத்துக் கெடக்குதாண்ணே?" என்றேன்.

"தேடியாச்சும்மா, ஒண்ணும் இல்ல." கோவிந்தராசு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். "ஜன்னலுக்குத் துணி போட்டா சரியாயிடும்."

துணி போட்டால் நாற்றம் போகும் என்று நம்புகிறவர்தான் எழுபது பேருக்கு முதலாளி.

ஜெயபாரதி பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "முன்னெல்லாம் மெயில் ரொம்பிட்டா பழச அழிச்சிடுவீங்க சார். இப்ப அது ஆகாது. வெளிநாட்டுல அரிசி வாங்குறவங்க ஏழு வருஷ மெயிலும் அப்படியே வேணுங்கறாங்க. ஆர்கைவ ஆன் பண்ணிட்டேன்னா, இருக்கறது, வர்றது, போறது எல்லாத்துக்கும் ஒரு நகல் வெளியில போய் உக்காந்துக்கும். அத நீங்களும் தொட முடியாது, நானும் தொட முடியாது."

"சரிம்மா. அதுக்கு முன்னாடி மூணே மூணு மெயில எடுத்துடு."

நான் டேப்பைச் சுருட்டி, மறுபடி விரித்தேன்.

ஸ்டூலிலிருந்தே ஸ்கிரீன் தெரிந்தது. மூன்றும் ஈஸ்வரி எழுதியவை. ஆலையில் தரம் பார்த்தவள். நாலாம் தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்து இற்றுவிட்டது, மாற்றுங்கள் என்று மூன்று முறை எழுதினாள். மாற்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, மாதிரி நெல் எடுக்கப் போனவளின் காலடியில் மூடி விட்டுப்போய் உள்ளே விழுந்தாள்; பார்த்தவர் யாருமில்லை. ஊரெல்லாம் தேடினோம். திங்கட்கிழமை காலையில் தொட்டி நெல்லை வாரியபோதுதான் கிடைத்தாள். ஊறினால் நெல் உப்பும். உள்ளே இருந்த எல்லாமே உப்பியிருந்தது.

'மூடி இற்றுப்போனதை யாரும் என்னிடம் சொல்லவில்லை' என்று கோர்ட்டில் சத்தியம் செய்திருக்கிறார் கோவிந்தராசு. குற்றமெல்லாம் ஈஸ்வரியின் கவனக்குறைவாம். அவள் புருஷன் செந்தில்குமார் மட்டும் விடாமல் வழக்கு நடத்துகிறான். அவன் கையில் அத்தாட்சி இல்லை. அது இந்த மெயில் பெட்டிக்குள் இருந்தது.

ஜெயபாரதி ஸ்கிரீனை உற்றுப் பார்த்தாள். "சார், இந்த ஈஸ்வரி மேடத்தையே கேட்டுக்கலாமே. நேத்துகூட மெயில் அனுப்பியிருக்காங்க."

கோவிந்தராசு மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"அது நாங்க அனுப்புறதும்மா," என்றார் அவர். "வாங்குறவனுக்கு அந்தப் பேரு பழகிப்போச்சு. புது ஐடின்னா ஆயிரம் கேள்வி கேப்பான். அவ இல்லேங்கறத எதுக்குச் சொல்லணும்?"

செத்தவளுக்கு அந்தச் சுவரில் ஒரு படம் கிடையாது, பூ கிடையாது. பெயர் மட்டும் தினமும் வேலைக்கு வந்திருக்கிறது.

ஜெயபாரதி பழைய மெயில்களை உருட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். தணிந்த குரலில் படித்தாள். "நாலாம் தொட்டி நெல் பரிசோதிக்கப்பட்டது. நிறம், மணம் நன்று. அவிக்கலாம். இப்படிக்கு, ஈஸ்வரி." பிறகு தேதியைச் சொன்னாள்.

அவளைத் தொட்டியிலிருந்து தூக்கிய அதே திங்கட்கிழமை.

அந்த நெல்லை அவர்கள் கொட்டவில்லை. அவித்து, அரைத்து, பாதியைக் கப்பலேற்றியிருக்கிறார்கள். மீதியைத்தான் தீபாவளிச் சலுகை என்று ஆலை வாசலில் விற்றார்கள்.

நானும் ஒரு மூட்டை வாங்கினேன்.

இட்லி எவ்வளவு உப்பலாக வருகிறது பாருங்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.

"என்னால இத அழிக்க முடியாது சார்," என்று ஜெயபாரதி எழுந்துவிட்டாள்.

"தள்ளும்மா." கோவிந்தராசு தானே உட்கார்ந்து முதல் மெயிலை அழித்தார்.

ஸ்கிரீனின் ஓரத்தில் இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பட்டை ஒன்று இருந்தது. அழித்தால் அது குறைய வேண்டும். அறுபதில் இருந்தது எழுபதானது.

இரண்டாவதை அழித்தார். எண்பத்தைந்து.

நாற்றம் கெட்டியானது. மூக்கில் இல்லை, நாக்கில் உட்கார்ந்தது.

மூன்றாவதுக்குப் போன விரல் வழுக்கியது. கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவிலிருந்து மஞ்சளாக, கொழகொழவென்று தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதில் உமி மிதந்தது.

அவர் ஆள்காட்டி விரலில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது.

இழுத்தார். வந்தது.

இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது.

முனையில் தோல் இருந்தது.

பட்டை நூறைத் தொட்டது.

"சார்..." ஜெயபாரதி ஸ்கிரீனைக் காட்டினாள். "அழிச்சதும் திரும்ப வந்து, மூணும் வெளியில போயிடுச்சு."

"யாருக்கு?"

"செந்தில்குமார்னு போட்டிருக்கு. ஆர்கைவும் ஆன் ஆயிருக்கு. நான் இன்னும் ஆன் பண்ணவே இல்ல சார்."

"நிறுத்தும்மா. எதையாவது பண்ணி நிறுத்து."

"இனிமே யாரும் தொட முடியாது சார்."

மறுவாரம் செந்தில்குமாரின் வக்கீல் மூன்று மெயில்களையும் கோர்ட்டில் கொடுத்தார். கோவிந்தராசு பொய் மெயில் என்று கத்திப் பார்த்தார். ஆர்கைவில் நகல் இருக்கிறதே. கோபத்தில் ஈஸ்வரியின் ஐடியை ஒழித்தார். நாலாம் தொட்டியை மண்ணும் கருங்கல் ஜல்லியும் கொட்டி மூடி மேலே சிமெண்ட் பூசினார். நான் டெல்டாவில் பிறந்தும் மூன்று வேளையும் சப்பாத்தி தின்கிறேன். கேட்பவர்களிடம் சர்க்கரை வியாதி என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் ஜெயபாரதி கடைக்கு வந்தாள். பாதி ஆளாக இருந்தாள்.

"ஐடியே இல்லக்கா. ஆனா ஆர்கைவுல தினம் ஒரு ரிப்போர்ட் வந்து உக்காருது," என்று போனை நீட்டினாள்.

ஆலையின் வழக்கமான படிவம்தான். மாதிரி எடுத்தவர்: ஈஸ்வரி. எடுத்த இடம்: நாலாம் தொட்டி, அடிப்பக்கம். அதற்குக் கீழே 'உடன் இருந்தவர்' என்று ஒரு கட்டம்.

"இத்தனை நாளும் அது காலியாத்தான் இருந்துச்சு," என்றாள் ஜெயபாரதி.

அன்றைய ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் கோவிந்தராசு என்று இருந்தது.

நிமிர்ந்து எதிரே பார்த்தேன். ஆலை வாசலில், சுள்ளென்ற வெயிலில், வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

வாயிலிருந்து நெல் கொட்டியது. ஊறிய நெல்.