நாலு நாற்பதுக்குத் திரும்பும் புத்தகம்

அந்த இயந்திரம் ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து டோலோன் மலைக்கணவாய் வழியாக வந்த லாரியின் கூரைமேல் ஒரு முழத்துக்குப் பனி படிந்திருந்தது. நான்கு பேர் பெட்டியை இறக்கி, எங்கள் பல்கலைக்கழகத்து அறிவியல் நூலகத்தின் வாசலுக்குள் தூக்கி வந்தார்கள். பழைய கட்டடம். சுவர்கள் தடிமன், ஜன்னல்கள் சிறியவை. குளிர்காலத்தில் நாலு மணிக்கே உள்ளே இருட்டிவிடும். அடுக்குகளின் கடைசி வரிசையில் நம் கை நமக்கே தெரியாது.

இயந்திரத்தைப் பொருத்த வந்த திலெக் ஒல்லியான இளைஞன், வாய் ஓயாது. அக்கா என்ற பொருளில் நாங்கள் எஜே என்று கூப்பிடும் பொறுப்பாளர் ஷாயிர்குல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டிய தாளை உரக்கப் படித்தார். இனி வரிசையில் நிற்க வேண்டாம். மாணவர்கள் அட்டையைக் காட்டித் தாங்களே புத்தகம் எடுக்கலாம், தாங்களே திருப்பலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளை விடுதியில் இருந்தபடியே போனில் படிக்கலாம். பல்கலைக்கழகத்தை விட்டுப் போகிறவர்கள் பதினொரு கையெழுத்து வாங்கும் தாளில் நூலகத்தின் கையெழுத்து இனி தேவையில்லை. அட்டையை வைத்தால் பச்சை விளக்கு எரியும், போகலாம்.

"எஜே, முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க," என்றான் திலெக். "இது உங்களை மாதிரி நடுவுல டீ குடிக்க எழுந்து போகாது."

"போகாட்டி என்னடா, வர்ற பிள்ளைங்ககிட்ட நல்லதா ஒரு வார்த்தை பேசுமா?"

அவன் பொத்தானை அழுத்தினான். ஒரு பெண்குரல் வந்தது. "புத்தகத்தை வையுங்கள்."

"பார்த்தீங்களா? உங்களைவிட மரியாதையா பேசுது!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன குளிர்காலத்தில் எஜே டீ குடிக்க எழுந்து போன பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

நான் ஜிபார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இங்கே புத்தகங்களை அடுக்குவது என் வேலை. மாணவியும் இல்லை, ஆசிரியையும் இல்லை என்பதால் எனக்கு வாசகர் அட்டை கிடையாது. அதனால் கோட்டுக்குள் மறைத்து எடுத்துப் போவேன். வேண்டியதை வீட்டில் நோட்டில் எழுதிக்கொண்டு, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் நடந்தது.

எல்னுரா மூன்றாம் வருடம் இயற்பியல் படித்தாள். கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமம். பச்சைக் கம்பளிச் சால்வை போட்டிருப்பாள், எப்போதும் ஓட்டமாகத்தான் வருவாள். அன்று பிப்ரவரி பதினான்கு, மணி நாலு நாற்பது. எஜே பின்னறையில் இருந்தார். எல்னுரா நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்து, "எஜே, வச்சிட்டேன்!" என்று கத்திவிட்டு ஓடினாள். கெட்டிலின் இரைச்சலில் எஜேவுக்கு அது கேட்கவில்லை.

அது பழைய வானியல் பாடநூல். மடித்து வைத்த நட்சத்திர வரைபடம் ஒன்று அதற்குள் இருக்கும். நான் அதற்காக மூன்று மாதம் காத்திருந்தேன். எஜே வந்து அவளுடைய வாசகர் தாளில் அந்தப் புத்தகம் எழுதியிருக்கும் வரியை அடிப்பதற்குள் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு ராத்திரி. காலையில் மேசையில் வைத்துவிடலாம்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழவில்லை.

நான்காம் நாள் நான் வேலைக்கு வந்தபோது எல்னுரா மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அல்மாத்தியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போயாக வேண்டும். தாளில் பத்துக் கையெழுத்து வாங்கிவிட்டாள். நூலகத்துடையது மட்டும் பாக்கி.

"நான் குடுத்துட்டேன் எஜே."

"குடுத்திருந்தா இங்க இருக்கணும்ல? எனக்கு மட்டும் உன்னைப் பிடிச்சு வைக்க ஆசையா? அதே புத்தகம் ஒண்ணு கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்."

"சத்தியமா குடுத்துட்டேன். இந்த மேசையிலதான் வச்சேன்."

நான் இரண்டடி தள்ளி ஏணிமேல் இருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கு இங்க இருந்தியே. பார்த்தேல்ல?"

புத்தகம் என் வீட்டில், மெத்தைக்கு அடியில் இருந்தது. சொன்னால் வேலை போகும். வேலை போனால் சித்தப்பாவின் ஆடுகள்தான் கதி. இன்று வீட்டுக்குப் போய் எடுத்து வந்து, நாளை அடுக்கில் கண்டெடுத்ததாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"கவனிக்கலை," என்றேன்.

அன்று மாலையே அவள் ஊருக்குப் போய்விட்டாள். அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி அவளுடைய கிராமத்துப் பள்ளியில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு மறுநாள் வாடகைக் காரில் திரும்பி வரும்போது கணவாயில் பனிக்காற்று. கார் பள்ளத்தில் கிடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். சால்வை கிடைத்தது, பை கிடைத்தது. அவள் வாங்கி வந்த புத்தகம் கிடைக்கவில்லை. அதன் பிறகு என்னிடமிருந்த புத்தகத்தை மெத்தைக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடக்கத்துக்கு நாங்களும் போனோம். பெண்களோடு கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே, தொழுகைக்கு முன்னால், அவளுடைய அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"என் தங்கச்சி யாருக்காவது ஏதாவது பாக்கி வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. இனிமே அது என் பாக்கி."

பிறகு எங்களோடு வந்த ஓர் ஆசிரியரின் குரல். "நூலகத்துக்கு ஒரு புத்தகம் தரணும். பரவாயில்லை. மன்னிச்சிட்டோம்."

கம்பளிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

எல்னுராவை அப்படித்தான் புதைத்தார்கள். மன்னிக்கப்பட்டவளாக.

இயந்திரம் வந்த பிறகு, ஒரு மாதம் நான் எல்லாப் புத்தகங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினேன். எஜே பழைய வாசகர் தாள்களைக் கணினியில் ஏற்றினார். எல்னுராவின் தாள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், இதை எதுக்கு ஏத்தறது?" என்று கிழித்துப் போட்டார்.

அன்று மாலை, வாசலில் யாரும் இல்லாதபோது, இயந்திரத்தின் விளக்கு எரிந்தது.

"புத்தகத்தை வையுங்கள்."

எதிரே ஆள் நின்றால்தான் அது விழிக்கும் என்று திலெக் சொல்லியிருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நாற்பது.

மறுநாளும் அதே நேரம். அதற்கு அடுத்த நாளும்.

எஜே திலெக்குக்குப் போன் போட்டார். "தம்பி, உன் மிஷினு தனியா பேசுதுடா."

"ஆளைக் கவனிக்கிற கண்ணாடியில தூசி இருக்கும் எஜே, துடைங்க. ரெண்டு பேரும் தனியா இருக்கீங்களேன்னு துணைக்குப் பேசுது போல!"

துடைத்தேன். தூசி இல்லை. கண்ணாடி மட்டும் ஆற்றுப் பனிக்கட்டிபோல் சில்லென்றிருந்தது. குனிந்தபோது வாசனை வந்தது. நனைந்த கம்பளி. அதோடு கொஞ்சம் பெட்ரோல்.

கீழே ரப்பர் விரிப்பில் பனி இருந்தது. இரண்டு காலணி அளவுக்கு, அருகருகே.

வெப்பக் குழாய் அரை அடி தள்ளி இருந்தது. கை வைத்தால் சுடும்.

பனி கரையவில்லை.

எல்னுராவின் ஆண்டு நினைவு விருந்துக்கு அழைப்பு வந்தது. அதற்கு முந்தைய நாள் நான் தீர்மானித்தேன். புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்தேன். எஜே அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். இயந்திரத்தில் போட்டுவிட்டால் முடிந்தது. யாருக்கும் முகம் காட்ட வேண்டாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம். வந்த இடத்துக்கே அது போய்விடும். அவளும் போய்விடுவாள்.

நாலு நாற்பதுக்கு விளக்கு எரிந்தது.

"புத்தகத்தை வையுங்கள்."

வைத்தேன். கன்வேயர் பட்டை அதை உள்ளே இழுத்தது. நின்றது. மெதுவாக வெளியே தள்ளியது.

மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது.

மூன்றாம் முறை திரையில் எழுத்து வந்தது.

'இந்தப் புத்தகம் ஏற்கெனவே திருப்பப்பட்டது. பிப்ரவரி 14, மாலை 4.40.'

வருடம், போன வருடம்.

அப்போது இந்த இயந்திரமே இல்லை. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான் அதற்கு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில், ஓடி வந்தவள் மூச்சு வாங்குவதுபோல் ஒரு சத்தம்.

"பார்த்தேல்ல?"

அது இயந்திரத்தின் குரல் இல்லை.

விருந்துக்கு எஜேயோடு காரில் போனேன். கணவாயில் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, உள்ளங்கைகளை முகத்தில் தடவி வேண்டிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புத்தகம் மடியில் இருந்தது. கோட்டுத் துணியையும் தாண்டி அதன் குளிர் தெரிந்தது.

அந்த வீட்டில் பெண்கள் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். எல்னுராவின் அம்மா எனக்குக் கிண்ணத்தில் டீ ஊற்றி நீட்டினாள். "குடி மகளே, ரொம்பக் குளிர்ல வந்திருக்க." நான் வாங்கவில்லை. புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"அவ குடுத்துட்டா," என்றேன். "அன்னிக்கே குடுத்துட்டா. நான்தான் எடுத்தேன். பார்த்தியான்னு கேட்டா. இல்லைன்னு சொல்லிட்டேன்."

எஜேயின் கிண்ணம் சாய்ந்து டீ விரிப்பில் ஓடியது.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் புத்தகத்தை எடுத்து, அட்டையை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள்.

"போன்ல சொன்னா," என்றாள். "'அம்மா, நான் குடுத்துட்டேன், அவங்க நம்ப மாட்டேங்கறாங்க'ன்னு நாலு தடவை சொன்னா. 'படிச்சவங்க பொய்யா சொல்வாங்க? எங்கயாவது மறந்து வச்சிருப்ப. வந்து நம்ம பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வாங்கிட்டுப் போய்க் குடு'ன்னு நான்தான் வரச் சொன்னேன்." புத்தகத்தை என் மடியில் திருப்பி வைத்தாள். "நானே நம்பலை மகளே."

பிறகு எழுந்து, சால்வைகூடப் போடாமல் ஆண்கள் இருந்த முற்றத்துக்குப் போனாள். அவள் குரல் உள்ளே வரை கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் பொண்ணு யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கலை. யாரும் அவளை மன்னிக்க வேண்டாம்."

திரும்பும்போது எஜே ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வந்ததும், "நாளைக்குச் சாவியைக் குடுத்துடு," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மாலை சாவியை அவர் மேசையில் வைத்தேன். நீலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது.

"புத்தகத்தை வையுங்கள்."

எஜே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

கன்வேயர் சுற்றியது.

இயந்திரத்தின் கீழ்ப்பெட்டிக்குள் ஏதோ விழுந்தது. 'தொப்' என்று, நனைந்த துணி விழும் சத்தம்.

எஜேதான் பெட்டியைத் திறந்தார். நீல அட்டை, அதே வானியல் பாடநூல். பக்கங்கள் ஒன்றோடொன்று உறைந்து பலகைபோல் இருந்தன, ஓரங்களில் பனித் துகள். முதல் பக்கத்தில் அந்தக் கிராமத்துப் பள்ளியின் முத்திரை.

எங்கள் புத்தகம் மேசைமேல், சாவிக்குப் பக்கத்தில், அப்படியே இருந்தது.

"அதே புத்தகம் ஒண்ணு கொண்டு வான்னு நான்தான் சொன்னேன்," என்றார் எஜே. சாவியை எடுத்து என் கையில் திணித்தார். "நீ போகாத ஜிபார். இந்த நேரத்துல இங்க தனியா நிக்க என்னால முடியாது."

அந்தப் புத்தகத்தை எல்னுராவின் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனான். பள்ளியில் சேர்த்துவிட்டதாகப் போன் செய்தான்.

மறுநாள் நாலு நாற்பதுக்கு அது மறுபடி பெட்டியில் விழுந்தது. உறைந்து, அதே முத்திரையோடு. பள்ளியில் கேட்டோம். அடுக்கில் இல்லை என்றார்கள்.

இப்போது ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் நான் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நிற்கிறேன். விரிப்பில் அந்த இரண்டு பனித்தடங்கள் இருக்கும். "நீ குடுத்துட்ட எல்னுரா. நான் பார்த்தேன். இனிமே கொண்டு வர வேண்டாம்," என்று சொல்கிறேன். நேற்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. வெகுதூரம் ஓடி வந்தவளின் மூச்சு. நான் சொல்வது அவளுக்குக் கேட்பதில்லை போல.

புத்தகம் விழுகிறது.