எச்சில் மின்சாரம்

அன்று மின் மாற்றுநிலையத்தில் இருந்தவர்கள் மேலவீட்டு அம்பலவாணர், கோட்டைவீட்டுச் சடையப்பர், எங்கள் கீழத்தெருவின் மின்பொறியாளர் இளநங்கை, இவர்களோடு மின்காவலன் என்னும் இயந்திரம். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

செவ்வாயின் நிலத்தடி நகரமான புதுத்தென்கரையில் காலையில் எழுந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, மூச்சாலையின் வடிகட்டியைக் கழுவி மாட்டுவது. வீட்டுக்கு ஒரு மூச்சாலை. மேலே உள்ள நச்சுக்காற்றை இழுத்து உடைத்து உயிர்க்காற்றாக்கும். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். பழைய அணு உலை தள்ளாடத் தொடங்கியதால், விண்ணில் சுற்றும் சூரியத்தட்டுகளிலிருந்து மின்சாரத்தை இறக்கித் தடையிலாக் கம்பிகள் வழியே வீடுகளுக்குக் கொண்டுவர இளநங்கை ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தாள். அன்று காலையில் உலையை அணைத்தாயிற்று. வீடுகளின் சேமிப்பு மின்கலம் மாலைவரை தாங்கும். அதற்குள் புதிய மின்சாரம் போயாக வேண்டும்.

போகவில்லை. முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிட்டது.

"எல்லா வீட்டுக்கும் ஒண்ணாத்தான் போவும், ஐயா," என்றாள் இளநங்கை.

"அதெப்படி? அவரு வீடு நிலையத்துக்குப் பக்கம். அங்கதான முந்திப் போவும்?" என்றார் அம்பலவாணர்.

"கண்ணு இமைக்கிற நேரத்துல கோடியில ஒரு பங்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா!"

சடையப்பர் சிரித்தார். "ஏன்வே, ஒம்ம வீட்டு லைட்டு எரிஞ்சாத்தான் செவ்வாய்க்கு விடியுமோ?"

"எங்க தாத்தா மொத ராக்கெட்ல வந்தவருவே."

"வந்தாரு. அத ஓட்டிட்டு வந்தது எங்க தாத்தா."

கோடிக்கணக்கான மைல் கடந்து வந்தவர்கள் பத்திரமாக மூட்டைகட்டி வந்தது இதைத்தான்.

"தகராறு உள்ள இணைப்புகள் காத்திருக்கட்டும். தகராறு இல்லாததை முதலில் திறக்கிறேன்," என்றது மின்காவலன். இருவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். தகராறில் சேர்க்கக்கூடத் தகுதியில்லாத தெரு ஒன்று நகரத்தில் இருப்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

சுவரில் இருந்த வரைபடத்தில் கீழத்தெரு ஒளிர்ந்தது.

அப்போது அந்த இருவரும் வாழ்நாளில் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

"அவுக தொட்ட கரண்டா என் வீட்டுக்கு?" என்றார் அம்பலவாணர்.

"எச்சிக் கரண்டு. எனக்கும் வேண்டாம்," என்றார் சடையப்பர்.

"கரண்டுக்கு ஏதுங்கய்யா எச்சி? மூச்சாலை நின்னா பச்சப்புள்ளைக என்ன செய்யும்?"

"அது எங்க பாடு. நீ ஒன் சோலியப் பாரு."

வீட்டுத் தலைவர் ஒப்பாத வீட்டுக்கு மின்சாரம் விடக்கூடாது என்பது நகரச் சட்டம். மின்காவலன் சட்டத்தை மீறாது. மனிதனுக்கு உள்ள சாமர்த்தியம் அதற்கு இல்லை.

மாலையில் மேலவீட்டு மூச்சாலை முதலில் நின்றது. அதில் மட்டும் மேலவீடு கோட்டைவீட்டை முந்தியது. சற்று நேரத்தில் இரண்டு வீட்டாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து, இளநங்கையின் வீட்டில் உட்கார்ந்தார்கள். எங்கள் மூச்சாலையின் காற்றை மூக்கு நிறைய இழுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். அதை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அன்று அம்பலவாணர் எங்கள் கதவைத் தட்டிக் கெஞ்சினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கதவு திறந்தே இருந்தது.