பெயருக்கு விட்ட இடம்

நான்காவது பாட்டில், ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில், யாரோ மூச்சு இழுத்தார்கள்.

பாக்கியராஜ் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். பகல் பதினொன்றரை மணி. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து இரண்டு முறை சோப்புப் போட்டும் உடம்பை விட்டு ரோலிங் மில்லின் காய்ந்த இரும்பு வாடை போகவில்லை. வெயிலுக்காக ஜன்னலில் கட்டியிருந்த பழைய பெட்ஷீட் வழியாக வந்த வெளிச்சம் கூடத்தைக் காவி நிறமாக்கியிருந்தது. சிப்காட் ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி போக, அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்து, லாரி போன பிறகும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருந்தன. மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டான். அதே இடம். அதே மூச்சு. அது அவனுடையது இல்லை. இருபது வருஷமாகப் பாடுகிறவனுக்குத் தன் மூச்சு எது, அடுத்தவர் மூச்சு எது என்று தெரியாதா என்ன.

அந்த இடத்தில் எதுவுமே இருக்கக் கூடாது. அது பெயருக்கு விட்ட இடம்.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றி எந்தக் காலனியில் சாவு விழுந்தாலும் கானா பாட பாக்கியராஜைக் கூப்பிடுவார்கள். பாட்டு அவனே கட்டியது. இறந்தவர் பெயரைக் கேட்டுக்கொண்டு போய், பாட்டில் அதற்கென்று இருக்கும் இடத்தில் உட்கார வைப்பான். பெயர் வருகிற அந்த நேரத்தில்தான் அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த பெண்டாட்டியோ தாயோ உடைந்து அழுவாள். அந்தக் குரலை யார் யாரோ போனில் பிடித்துப் போய், தங்கள் சேனலில் தங்கள் பெயர் போட்டு ஏற்றிவிட்டார்கள். கேட்டால், 'நீதான் பாடுனேன்னு இன்னா ஆதாரம்?' என்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் தனக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கினான். மூன்று வாரம் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனிலேயே தட்டித் தட்டி அமைத்தது. மேலே அவன் பெயர், டோலக்கோடு ஒரு போட்டோ, கீழே பதினோரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்று காட்டும் எண்.

சாவு வீடுகளில் பிடித்த பழைய ரெக்கார்டிங்கைப் போட முடியாது. எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் துக்கம். ஊர் கேட்கிற இடத்தில் போட்டால் சண்டைக்கு வருவார்கள், வருவதும் நியாயம்தான். அதனால் புதிதாகப் பாடினான். பெயருக்கு என்ன செய்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. உயிரோடு இருக்கிறவர் பெயரை அந்தப் பாட்டில் வைத்தால் விளங்குமா? சும்மா ஒரு பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் எங்கேயோ ஒருவர் சோறு தின்றுகொண்டிருப்பார். எனவே நான்காவது பாட்டில், அதில் மட்டும்தான் பெயர் வரும், அந்த இடத்தில் இரண்டு தாளத்துக்கு வாயை மூடிக்கொண்டான். கேட்கிறவர்கள் அவரவர் பெயரை மனசுக்குள் போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தான். நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

ஷைனியின் பெயரை வைத்திருக்கலாம். முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, எட்டு வயசு மகள், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பாடியவன் தன் பிள்ளைக்குப் பாடவில்லை. பெட்டியை மூடும்வரை டோலக் வாசிக்கும் குணா பக்கத்தில் நின்று, 'ஒரு வரி, ஒரே ஒரு வரி மச்சான்' என்று கெஞ்சினான். தொண்டை திறக்கவில்லை. அந்த மாத மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, அவள் பேசிய, பாடிய வீடியோவெல்லாம் இருந்த போனும் நனைந்து செத்தது. அதற்குப் பிறகு அவள் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அவன் மனைவி விக்டோரியா மாத்திரை பேக்கிங் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உள் அறையிலேயே கிடந்தாள். சோறு ஆக்குவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள், மற்ற நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். "சாவுப் பாட்ட ஊட்ல பாடாத" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், உள் அறையில், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஷைனியின் ஸ்கூல் பைக்கு எதிரே உட்கார்ந்துதான் பதினொன்றையும் பாடி முடித்தான்.

மறுநாள் பகலில் அந்த இடத்தில் மூச்சு இல்லை. குரல் இருந்தது.

"ஜோதப்."

ஜோசப் என்று சொல்ல வராத வாய். முன்பல் இரண்டும் விழுந்த வாய். பாக்கியராஜ் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பயம் வரவில்லை. அதுதான் அவன் செய்த முதல் தப்பு. கண்ணீர்தான் வந்தது. உள் அறையில் இருந்தவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு, அந்த இரண்டு தாளத்தை நாற்பது முறை கேட்டான். எந்த ஜோசப், ஏன் ஜோசப் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை. பிள்ளை பேசுகிறாள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை மில் கேட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் ஜோசப். முந்தின நாள் பகல், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம்.

சாயங்காலம் அங்கே பாடப் போனபோது, பந்தலுக்குப் பின்னால் நின்று குணாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். குணா டோலக்கின் கயிற்றை இறுக்குவதை நிறுத்தினான்.

"காலியா வுட்டியா?"

"வேற இன்னா பண்றது?"

"ப்ராக்டீஸ் பண்ணும்போது கூட கடைசியா பாடுன சாவு பேரப் போட்டுதான பாடுவோம். எதுக்குன்னு நெனச்ச? அந்த எடத்த காலியா வச்சா, அது ஆள் தேடும் மச்சான். உனுக்கா தெரியாது?"

தெரியும். தெரிந்துதான் விட்டிருந்தான். இந்தக் காலத்தில், அதுவும் வெப்சைட்டில், அதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது என்று நினைத்திருந்தான்.

"அழிச்சிடு" என்றான் குணா.

"சரி" என்றான் பாக்கியராஜ்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தான். 'இந்தப் பக்கத்தை அழிக்கவா?' என்று கேட்டது. கட்டை விரல் மேலேயே நின்றது. அழித்தால் ஜோசப் திரும்பி வரப் போவதில்லை. ஷைனி மட்டும் போவாள். ஒரு முறை புதைத்தாயிற்று, இன்னொரு முறை தன் கையாலேயா? போனைக் கவிழ்த்து வைத்தான்.

இரண்டு நாள் கழித்து, நைட் ஷிஃப்ட் இடைவேளையில் கேட்டபோது, அந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது. நீளமான பெயர். இரண்டு தாளத்துக்குள் அடக்க ஷைனி அவசர அவசரமாகச் சொன்னாள், பரீட்சைக்கு மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"ஆரோக்கியமேரி."

மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்கா. காலை ஏழு மணிக்கு அவள் கடையில்தான் டீ குடித்தான். அத்திப்பட்டில் கட்டிக் கொடுத்த மகளுக்கு இது எட்டாம் மாசம் என்று சொல்லிக்கொண்டே, கேட்காமலேயே இன்னொரு பட்டர் பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று சொல்வது?

"இன்னா நைனா, மொகமே செரியில்ல?"

"தூக்கம் இல்லக்கா."

"ஊட்டுக்குப் போயி நல்லா தூங்கு. பாவம், அந்தப் பொண்ணையும் கொஞ்சம் பாத்துக்கோ."

வீட்டுக்குப் போனான். அழிக்கும் இடத்தைத் திறந்தான். மூடினான். பாட்டைத் திறந்தான். ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று மதியம்வரை கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு குணா போன் செய்தான். கடையில் சிலிண்டர் தீப்பிடித்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லையாம். குணா அழுதான். "அழிச்சியாடா? சொல்லு, அழிச்சியா?"

பாக்கியராஜ் போனை வைத்தான். அவனை அவனாலேயே பொறுக்க முடியவில்லை. பிஸ்கட் கொடுத்த கை கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தக் கைக்குத் தான் என்ன செய்தோம்? மகள் குரல் கேட்டது. அதற்கு ஒரு தாயைக் கொடுத்தோம்.

இனி இல்லை. அழித்துவிட வேண்டியதுதான்.

பக்கத்தைத் திறந்தான். மற்ற பாட்டுகளுக்கெல்லாம் பக்கத்தில் மூன்று, ஐந்து, இரண்டு. நான்காவது பாட்டுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அவன் கேட்டது நூறு இருக்கும். நூற்றைம்பதுகூட இருக்கட்டும். மீதி யார்?

வீடு சத்தமில்லாமல் இருந்தது. கரண்ட் போய், மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. சமையலறையில் தாளித்த எண்ணெய் வாடை. அதற்கடியில், மெல்ல, காய்ச்சலுக்கு நெற்றியில் போட்ட ஈரத்துணி வாடை. இரண்டு வருஷமாக இல்லாத வாடை. பெட்ஷீட் வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. கடைசியாக ஒரு தடவை, வழியனுப்பத்தான், என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டு பாட்டை ஓடவிட்டான்.

அவன் குரல். தொடையில் தட்டிய தாளம். பெயருக்கு விட்ட இடம் வந்தது.

ஒன்றுமில்லை. வெறும் அமைதி. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

பாட்டில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பெயர் வரும். இரண்டாவது இடமும் வந்தது.

"அம்மா."

அழிக்கும் பட்டனை அழுத்தினான். 'அழிக்கவா?' என்று போன் மறுபடி கேட்டது. அழுத்தினான். வட்டம் சுற்றியது. சுற்றியது. அழிக்கப்பட்டது. வெள்ளைத் திரை. போன் கையை விட்டு விழுந்தது.

பாட்டு நிற்கவில்லை.

உள் அறையிலிருந்து வந்தது. சன்னமாக. இயர்போனிலிருந்து கசிகிற சத்தம்.

கதவைத் தள்ளினான். விக்டோரியா கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வழக்கமாகச் சுவரை ஒட்டிப் படுப்பவள், இன்றைக்குச் சுவர் பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். சின்ன ஆள் இடம். காதில் இயர்போன். விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவன் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"விக்டோரியா. அத்தக் கழட்டு."

"சத்தம் போடாத. பாப்பா கூப்புடுது."

"எத்தினி நாளா கேக்குற?"

"நீ ஸ்டேட்டஸ்ல லிங்க் போட்ட நாள்லேர்ந்து. யார் யாரையோ கூப்டுகினு இருந்துச்சு. என்ன எப்போ கூப்புடும்னு கேட்டுகினே இருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழிச்சிருப்ப."

இத்தனை நாளும் அவனும்தான் அழிக்கவில்லை. பாய்ந்து இயர்போனைப் பிடுங்கினான். அவள் போனையும் எடுத்தான். திரை வெள்ளையாக இருந்தது. பக்கம் இல்லை. பாட்டு இருந்தது. ஆணியில் தொங்கிய ஸ்கூல் பை பக்கமிருந்து, போர்வைக்குள் பாடின அடைத்த குரலில், அவனே பாடிக்கொண்டிருந்தான். அவள் விரலும் தாளத்தை விடவில்லை.

அடுத்த சரணம் தொடங்கிவிட்டது. நான்கு வரி. அதற்குள் ஒன்று செய்யலாம். அந்த இடம் காலியாக இருப்பதால்தானே இதெல்லாம். நிரப்பிவிட்டால்? கடைசியாகப் பாடிய பெயர் ஜோசப். அதைப் போட வாய் வந்தது. இல்லை. அது பொருந்தாது. இந்த வீட்டில் ஒரே ஒரு சாவுக்குத்தான் பாட்டு பாக்கி இருந்தது. அந்த இடம் யாருக்கு உரியதோ அந்தப் பெயர்தான் உட்காரும். அதைப் பாடினால் மகள் போய்விடுவாள். குரலும் போய்விடும். போகட்டும். இவள் இருக்கட்டும்.

மூன்றாவது வரி.

விக்டோரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். உடம்பு சில்லிட்டிருந்தது.

நான்காவது வரி.

வாயைத் திறந்தான். ஷைனி. இரண்டே எழுத்துதான். ஷைனி. உதடு அசைந்தது. தொண்டை அடைத்தது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அடைத்த அதே இடத்தில். காற்றுகூட வரவில்லை.

ஒரு தாளம்.

இரண்டு.

"அம்மா."

"தோ வந்துட்டேன்டா" என்றாள் விக்டோரியா.

கட்டில் சட்டத்தில் விரல் நின்றது. அவள் கை சுவர் பக்கம் விட்டிருந்த இடத்தின் மேல் விழுந்தது. எதையோ அணைத்துக்கொண்ட மாதிரி, மெத்தையைத் தொடாமல் பாதியில் வளைந்து நின்றது. பாட்டும் நின்றுவிட்டது.

ஜன்னல் பெட்ஷீட் அசையவில்லை. காற்றே இல்லை. பாக்கியராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, திறந்த வாயை மூட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மார்பு ஏறவில்லை. அவள் கைக்குக் கீழே, மெத்தையில், ஒரு குழந்தை அளவுக்குப் பதிந்திருந்த பள்ளத்துக்கு மேல் கிடந்த போர்வை மட்டும் மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.