பச்சைக் குவளை

"யாரையும் பிடிச்சுக் கொடுக்க வேண்டாங்க. ஏன் பண்ணாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்," என்றாள் அந்தப் பெண். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

துப்பறிவாளர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அருகில் அவருடைய மனைவியின் தம்பி, செக்கச்செவேலென்ற புதுச் சட்டையில், நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். அக்கா வீட்டுக்காரருக்கு உதவியாளன் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன் அவன்.

வந்தவள் தையற்கடை வைத்திருப்பவள். போன வருடம் அவளுடைய ஒன்பது வயது மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். மகள் பால் குடித்த சிவப்பு எனாமல் குவளை வீட்டில் இருந்தது. அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் முடியவில்லை, ஒளித்து வைக்கவும் மனம் வரவில்லை. அதை வரைந்தாவது பார்ப்போம் என்று ஓர் ஓவியரின் பட்டறையில் சேர்ந்தாள். மேசைமேல் பொருட்களை வைத்து, ஒளியையும் நிழலையும் பார்த்து வரையக் கற்றுத்தரும் வகுப்பு அது. பல மாதம் பாடுபட்ட பிறகு குவளை படத்தில் ஏறியது. அதன் வட்டமான வாய் மட்டும் கோணலாகவே நின்றது. போன வாரம் அதற்காக வகுப்பிலேயே அழுதுவிட்டாள்.

"மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, படத்துல குவளை முழுக்கப் பச்சை. என் பொண்ணோட குவளைங்க அது."

"யார் மேல சந்தேகம்?"

"கூடப் படிக்கிற போட்டோக்காரர் மேலதான் எல்லாரும் சொல்றாங்க. 'இந்தச் சிவப்பு கண்ணைக் குத்துது, ஒருநாள் நானே நிறத்தை மாத்திடறேன்'னு வேடிக்கையா சொல்லியிருந்தார். அன்னிக்குச் சாயங்காலம் மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்ததை மாஸ்டரோட மனைவி பார்த்திருக்காங்க. மாஸ்டர் அவரை இனிமே வர வேண்டாம்னுட்டார்."

"கேஸ் முடிஞ்சுது அத்தான்," என்றான் மைத்துனன்.

"உனக்கு முடிஞ்சுடுச்சு மச்சான். வா, போய்ப் பார்ப்போம்."

பட்டறை மாடியில் இருந்த ஒரு நீண்ட அறை. வடக்கு ஜன்னலின் வெளிச்சம் வெள்ளைத் துணி விரித்த மேசையில் விழுந்தது. துணிமேல் ஒரு கண்ணாடிப் பாட்டில், இரண்டு எலுமிச்சை, சிவப்புக் குவளை. ஓவியர் ஐம்பதைத் தாண்டாதவர், மெலிந்த மனிதர். அவர் சொல்லச் சொல்ல மனைவி நாற்காலிகளை எடுத்துப் போட்டாள்.

"அந்தப் பழுப்புச் சட்டைத் தம்பிக்கும் ஒண்ணு போடு," என்றார் ஓவியர்.

மைத்துனனின் முகம் சுருங்கியது. "புதுச் சட்டை. பழுப்பாம்!" என்று முணுமுணுத்தான்.

துப்பறிவாளர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். குவளையின் வாய் கோணவில்லை. சரியான வட்டம், சரியான சாய்வு. வலப்பக்கத்து நிழல் கனிந்து துணியில் இறங்கியிருந்தது. நிறம் மட்டுமே பச்சை. அன்று பயன்பட்ட தூரிகை சோப்பில் அலசப்பட்டு, முனை கூராக்கப்பட்டு, ஆணியில் தொங்கியது.

தையற்காரியின் வண்ணப் பலகையை எடுத்துப் பார்த்தார். ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் பச்சை, நடுவில் வெள்ளையும் மற்றவையும்.

"எல்லாரும் இந்த வரிசையிலதான் வைக்கணுமா?"

"இந்த வருஷம் மாஸ்டர் கொண்டுவந்த சட்டம்," என்றாள் அவள். "வரிசை மாறினா அவருக்குக் கோபம் வந்துடும். எனக்கு இடது கைப் பழக்கம். அதனால அவர் திருத்த வரும்போது பலகையைத் திருப்பித்தான் கையில கொடுப்பேன்."

"அன்னிக்கு நீங்க போகும்போது?"

"வச்சது வச்சபடி ஸ்டூல் மேல விட்டுட்டுப் போயிட்டேன்."

அங்கிருந்து இருவரும் போட்டோக்காரரின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். கடையில் ஈ, காக்கை இல்லை.

"செத்த புள்ளையோட குவளையைக் கெடுத்தவன்னு பேரு வாங்கிக் கொடுத்துட்டாங்க," என்றார் அவர். "யாரு சார் இனிமே என் படி ஏறுவாங்க? எனக்கு ஒழுங்கா ஒரு வட்டம்கூட வரைய வராது சார்."

"உங்களால ஒரு உதவி ஆகணும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில ஒரு போட்டோ எடுத்துத் தாங்க."

மைத்துனன் விழித்தான். "நிறத்தைப் பத்தின கேஸ்ல கறுப்பு வெள்ளையா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். துப்பறிவாளர் ஓவியரைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். ஓவியர் தலையசைத்து மறுத்தார். துப்பறிவாளர் பெருமூச்சுடன் திரும்பி வந்து, அந்தப் புகைப்படத்தைத் தையற்காரியிடம் கொடுத்தார்.

"இதுல என்ன குறைன்னு சொல்லுங்க."

அவள் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே. ரொம்ப நல்லா இருக்கு."

"அதான் விஷயம். கெடுக்க வந்தவன் குவளையோட வாயைச் சரிபண்ண மாட்டான். நிழலை இவ்வளவு பக்குவமா இறக்க மாட்டான். பிரஷ்ஷைக் கழுவி மாட்டிட்டும் போக மாட்டான். இது கெடுத்த வேலை இல்லம்மா, திருத்தின வேலை. எந்த இடத்துல வெளிச்சம், எந்த இடத்துல இருட்டுன்னு தெரிஞ்ச கை. நிறம் மட்டும் தெரியாத கண். சிவப்பு இந்த முனையிலதான்னு பழக்கத்துல எடுத்திருக்காங்க. பலகையைத் திருப்பிக் கொடுக்க அன்னிக்கு நீங்க இல்ல."

துப்பறிவாளர் மைத்துனனைக் கைகாட்டினார்.

"என் மச்சான் அன்னிக்குப் போட்டிருந்த சட்டை சிவப்பு. அதைப் பழுப்புன்னு சொன்னவர் ஒருத்தர்தான்."

ஓவியரின் மனைவி மெல்லக் கணவரின் பக்கம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"கண் நரம்பு காய்ஞ்சுகிட்டு வருதாம். டாக்டர் கையை விரிச்சுட்டார். முதல்ல போனது சிவப்பும் பச்சையும். மீதியும் போயிடும்னார். அன்னிக்கு இந்த அம்மா அழுதது மனசுல நின்னுபோச்சு. காலையில வந்து பார்க்கும்போது வாய் சரியா இருக்கட்டும்னுதான் பிரஷ்ஷை எடுத்தேன், அப்படியே குவளை முழுக்கத் தீட்டிட்டேன். மறுநாள் எல்லாரும் பச்சைன்னு கத்துறாங்க, நானும் பார்க்கறேன், எனக்கு வித்தியாசமே தெரியல. அப்பவே புரிஞ்சுபோச்சு, நான்தான்னு."

"என்கிட்டகூடச் சொல்லலியே," என்றாள் மனைவி.

"சொன்னா நிஜமாயிடும்னு பயந்தேன்."

போட்டோக்காரர் எழுந்தார். "அது சரி மாஸ்டர். ஆனா தெரிஞ்சும் என்னைத்தானே வெளிய போன்னு கை காட்டினீங்க?"

ஓவியர் கைகூப்பினார். போட்டோக்காரர் அதைப் பார்க்காமல் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மாடியைவிட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்ததும் மைத்துனன் கேட்டான்: "கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ அத்தான்?"

"இன்னொருத்தர் தலையில பழி உட்கார்ந்திருந்துதே மச்சான்," என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் ஓவியர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், அங்கிருந்தவர்கள் முன்னிலையில் நடந்ததைச் சொன்னார். போட்டோக்காரர் மன்னித்தாரா என்று தெரியாது. உட்காரச் சொல்லி நாற்காலி மட்டும் போட்டார். அந்த மாதத்தோடு வகுப்பும் நின்றது.

தையற்காரி மட்டும் போய்க்கொண்டிருந்தாள். அவர் வரைந்த வாயை அவள் தொடவில்லை. அதன் கீழே, பச்சையின் மேல், கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பை ஏற்றினாள். ஒரு நாள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

ஓவியர் பக்கத்தில் வந்து நின்றார். "வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுங்க."

"எந்த மாதிரிச் சிவப்பு?"

அவள் யோசித்தாள். கடைத் துணிகளின் நிறமெல்லாம் மனதில் ஓடியது, எதுவும் பொருந்தவில்லை.

"காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அவ கன்னம் இருந்துச்சுங்க," என்றாள். "அந்த மாதிரி."

ஓவியர் படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். "தெரியுதும்மா," என்றார்.