ஜீவராணி பூட்டிய ஃபைல்

அந்த ஃபைலை ஜீவராணி கடைசியாகத் திறந்தது வெள்ளிக்கிழமை. திரையோ, அது கடைசியாகத் திறக்கப்பட்டது ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு என்று காட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆபீஸ் பூட்டிக் கிடக்கும்.

றக்வானைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஆபீசுக்கு ஒரே கம்ப்யூட்டர்தான்; அதில் டைப் செய்வது ஜீவராணியின் வேலை. அதற்குள் ஒரு ஃபைலை ஒளித்து வைத்து, யாரிடமும் சொல்ல முடியாததை அவள் எழுதி வந்தாள். மூன்று மாதத்துக்கு முன் மண் சரிந்து தொழிலாளர் லயத்து வீடுகள் புதைந்தபோது, அவள் புருஷன் கிருஷ்ணராஜ் தங்கள் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. மேலே மண் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவள் ஓடினாள். ஆட்கள் வந்து கேட்டபோது, ஒரு சத்தமும் வரவில்லை என்றாள். அதனால் அந்த வீட்டைக் கடைசியாகத்தான் தோண்டினார்கள். மூன்றாம் நாள் அவன் உடலை எடுத்தார்கள். அதன்பின் அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

எல்லா ஃபைலையும் திறக்கக்கூடிய அட்மின் பாஸ்வேர்ட் ஆபீசின் பெரிய கிளாக்கர் சிவத்திடம் மட்டுமே இருந்தது. யாழ்ப்பாணத்து மனுஷன்.

“ஐயா, என்னோட ஃபைல் ஒன்ன நீங்க தெறந்தீங்களா?”

“இல்லைப் பிள்ளை. நினைச்சாத் திறக்கலாம், ஆனா திறக்கேல்லை.” கண்ணாடியைக் கழற்றினார். “அட்மினிட்ட இருந்து மறைக்கோணுமெண்டா ஒளிச்சு வேலையில்லை. ஃபைலுக்கே பாஸ்வேர்ட் போட்டு, பென் டிரைவிலை வச்சிருங்கோ. இதிலை இருக்கிறதை அழிச்சுவிடுங்கோ. பிறகு என்னாலையும் ஏலாது.”

அப்படியே செய்தாள். பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சிவம் பஸ் பிடித்து டவுனுக்குப் போய்விட்டார். மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. பெக்டரியிலிருந்து வரும் தேயிலை வாசத்துக்கு அடியில், ஈர மண்ணும் பிடுங்கிய வேரும் கலந்த ஒரு வாசம், ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தும், உள்ளே நுழைந்து அவள் மேசையைச் சுற்றி நின்றது. அவள் பென் டிரைவைச் செருகிப் பாஸ்வேர்டைத் தட்டினாள். ஃபைல் திறந்தது.

கடைசியில், அவள் எழுதாத ஒரு வரி.

‘ஒனக்குக் கேட்டுச்சு.’

அதை அழித்தாள். பயம் எங்கோ தூரத்தில் வேறு யாருக்கோ வருவது போலிருந்தது.

கரண்ட் போனது. திரை கறுத்தது. மழை.

டக்.

கீபோர்டில் ஒரு விசை தானாக அமுங்கி எழுந்தது. இன்னொன்று. ஆறு வருஷம் அவள் தட்டிய விசைகள். எது எந்த எழுத்து என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

இன்னும்.

மூச்சு.

இருக்கு.

அவள் உள்ளங்கையை விரித்து விசைகளின் மேல் அழுத்தினாள்.

நின்றது.

பிறகு அவள் புறங்கையில் ஒரு விரல் நுனி வந்து அமர்ந்தது. ஈரம். குளிர். எதிரே யாருமில்லை. அது மெல்ல அழுத்தியது, அவள் கைக்கு அடியில் இருந்த விசை அமுங்கும் வரை. டக். இடம் மாறி இன்னொரு விரல். டக். அழுத்திய இடமெல்லாம் சேறு, ஒரு விரல் நுனியளவு.

அவள் கையை எடுக்கவில்லை.