படுக்கையறையில் ஒரு சக்களத்தி

ஸ்டேஷன் போன் அலறியது. பெண் இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

“ஒருத்தியைக் கொன்னுட்டேன்மா. வந்து எடுத்துட்டுப் போங்க.”

வயதான பெண் குரல். பதற்றமே இல்லை.

“யாரைக் கொன்னீங்க?”

“என் வீட்டுக்காரர் வெச்சிருந்தாரே... அவளை.”

முகவரி வாங்கிக்கொண்டு ஜீப் பறந்தது.

கதவைத் திறந்தவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். கையில் காய்கறிப் பை. அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார்.

“பாடி எங்க?”

“எந்த பாடி மேடம்?”

படுக்கையறையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் சுத்தியல். விரலில் ரத்தம்.

“அதோ கிடக்கா.”

தரையில் சுக்குநூறாக... பீரோக் கண்ணாடி!

“தினமும் இதுக்குள்ளேருந்து எட்டிப் பார்ப்பா. என் புடவையையே கட்டிக்கிட்டு நிப்பா. கிழவி... இந்த வயசுல இவளுக்கு என் புருஷன் கேக்குது.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தீய்ந்த வாடை வந்தது. சமையலறைக்கு ஓடி, காலிப் பாத்திரத்தோடு எரிந்த அடுப்பை அணைத்தார்.

“எவ்வளவு நாளா இப்படி சார்?”

“ஆறேழு மாசமா என் சட்டையை மோந்து பார்க்கறா. கடைக்குப் போனாலும் ‘அவளைப் பார்க்கத்தானே’ங்கறா. சாவியை ஃபிரிட்ஜ்ல வைக்கறா. போன வாரம் வீட்டுக்கு வழி தெரியாம தெருமுனையில நின்னா. வயசாச்சு, மறதின்னு நினைச்சேன்...”

“இது வெறும் மறதி இல்ல. நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னிக்குக் கண்ணாடியோட போச்சு.”

டாக்டர் சோதித்துவிட்டு டிமென்ஷியா என்றார். இரவு பகல் கண்காணிப்பு தேவை, நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்ப்பது உத்தமம் என்றார்.

கண்டக்டர், உதவிக்கு வந்திருந்த மகளிடம் குதித்தார்.

“அவ கையை எவனோ எவளோ பிடிச்சு நடத்தறதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

பொறாமை. வேறென்ன?

“அப்பா, நேத்து நீங்க குளிக்கிறப்ப அம்மா கேஸைத் திறந்து விட்டுட்டாங்க. நான் வரலேன்னா ரெண்டு பேருமே இல்ல.”

அவர் இல்லம் தேடக் கிளம்பினார்.

முதலில் பார்த்த இல்லத்தில் எல்லோரும் டிவி முன்னால் பட்டப்பகலில் தூங்கி வழிந்தார்கள். கண்டக்டர் நின்ற காலிலேயே திரும்பினார். அடுத்த இல்லத்தில் தலைமை நர்ஸ், “அம்மாவுக்கு எது பிடிக்கும்? எதுக்குப் பயப்படுவாங்க?” என்று கேட்டாள். அறைக் கண்ணாடியைக் கையோடு கழற்றச் சொன்னாள். சுற்றி நடக்கத் தோட்டம் இருந்தது. அங்கேயே சேர்த்தார்.

மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டருக்கு வயிறு எரிந்தது.

மறுவாரம் போனபோது, அவரை ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

“மெதுவாப் பேசுடா.”

‘டா’வா? கல்யாணமான நாளிலிருந்து ‘என்னங்க’வைத் தாண்டாத வாய் அது!

“நான்... யாருன்னு தெரியுதா?”

“தெரியாமலா? நீ வருவேன்னுதான் தலை வாரிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் கண்ல பட்டுடாதே.”

“அவரு எப்படி?”

“நல்லவர்தான். ஆனா இப்படிப் பக்கத்துல உக்காந்து பேச மாட்டார்.”

கண்டக்டருக்குத் தன்மேலேயே பொறாமை வந்தது. கூடவே அழுகையும். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.

வெளியே வரும்போது, புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் மறித்தாள்.

“நீங்க அவங்களுக்கு என்ன உறவு சார்?”

கண்டக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கள்ளக்காதலன்மா. புருஷன்கிட்ட போட்டுக் கொடுத்துடாதே... அவன் ஒரு மாதிரி.”