பிண வேஷக்காரர்

அன்று மத்தியானம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: தமயந்தி அக்கா, அவருடைய மருமகன் சிவக்குமார், ஃப்ரீசர் பெட்டி கொண்டுபோன நான், பாயில் அக்காவின் கணவர் வெள்ளைச்சாமி. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நிலக்கரி மைன்ஸ் கான்ட்ராக்டில் நைட் ஷிப்ட் ஒத்துவராமல் நின்றுவிட்ட பிறகு, மந்தாரக்குப்பத்தில் இந்தப் பெட்டி வேலைதான் எனக்கு. பிணத்தைக் கண்டு கூசுகிறவன் இல்லை. ஆனால் அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. பிண வாடை இல்லை அது. வியர்வையில் ஊறிய மேக்கப், ஒட்டுமீசைப் பசை, சிக்கு வாடையடிக்கும் தேங்காய் எண்ணெய்.

வெள்ளைச்சாமி டவுன்ஷிப் நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். மைக் வேண்டாம், கடைசி வரிசைவரை குரல் போகும். அந்தக் குரலை நம்பித்தான் சினிமாவுக்குப் போனார். முதல் படத்திலேயே செத்துப்போன அப்பாவாகப் படுக்க வைத்தார்கள். உதட்டில் ஈ மொய்த்தும் அவர் அசையவில்லை. அதோடு முடிந்தது. அப்புறம் யார் கூப்பிட்டாலும் பிண வேஷத்துக்குத்தான். மூக்கில் பஞ்சை அடைத்துப் பாடையில் போட்டு, 'தத்ரூபம்' என்று கை தட்டினார்கள். த்தூ.

முந்தின நாள் வடக்குத்து கிராமத்தில் ஷூட்டிங். மேக்கப்போடு வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பெட்டிய தொறந்து வச்சிகினு நிக்கிறன், உள்ள வச்சிடலாங்களா அக்கா?"

"இருப்பா. அவரு இன்னும் சிரிக்கல."

நான் சிவக்குமாரைப் பார்த்தேன். அவன்தான் எரிச்சலோடு சொன்னான். பிணமாக நடித்தவரைச் சினிமாவில் அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டார்களாம். கேமரா ஓடும்போதே ஒரு சிரிப்பு சிரிக்க வைத்து எடுப்பார்களாம். அப்போதுதான் வேஷம் கழியும். நேற்று மழை வந்து, அவசரத்தில் அதை எடுக்காமலே யூனிட் கிளம்பிவிட்டது.

"ராத்திரியெல்லாம் அதையே சொல்லிட்டுக் கிடந்தாரு," என்றார் அக்கா. "வேஷத்தோட அனுப்புனா இந்த வீட்டை விட்டுப் போகமாட்டாரு. இத்தனை வருஷம் நான் பட்டது போதும். செல்லுல எடுங்க மாப்ள, போய்ச் சேரட்டும்."

"அசிங்கமா இருக்கு அத்தை. உயிரோட இருந்தப்பவே மாமா சிரிச்சதில்ல."

ஆனாலும் செல்லை நீட்டினான்.

அக்கா குனிந்தார். "ஏங்க. கேமரா ஓடுது. சிரிங்க."

ஃபேன் சத்தம் மட்டும்.

வாயோரம் வெள்ளைப் பூச்சு வெடித்தது.

உதடு மெல்ல விரிந்தது. மூக்குப் பஞ்சு நழுவி, மஞ்சளாக ஏதோ வழிந்து பல்லில் இறங்கியது. கண் திறக்கவில்லை. சிரிப்பு மட்டும் அகலமாகிக்கொண்டே போனது.

சிவக்குமார் செல்லைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் வாந்தி எடுத்தான்.

"போதுங்க," என்றார் அக்கா. "போதும். போயிருங்க."

சிரிப்பு நிற்கவில்லை.

கன்னத்துப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து தலையணையில் விழுந்தது. சிரிப்பு காதைத் தொட்டது.

"இதை எப்படி நிறுத்துறது?" அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என்னமோ சொல்லுவாங்களே, சொல்லுப்பா."

ஷூட்டிங் வேடிக்கை பார்த்தவன் எவனுக்கும் தெரிந்த வார்த்தைதான்.

"கட்," என்றேன்.

சிரிப்பு நின்றது. அக்கா என் சட்டையை விட்டார்.

படுத்துக் கிடப்பவர்கள் எழுந்துகொள்ளும் வார்த்தை அது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வெள்ளைச்சாமி கையை ஊன்றி உட்கார்ந்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைத் தானே அவிழ்த்தார். மேலே போர்த்தியிருந்த கோடித்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மூஞ்சி கழுவிட்டு வர்றேன் தமயந்தி. சோத்தை எடுத்து வை."

கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்.

எங்களைத் தாண்டி நடந்து பாத்ரூமுக்குள் போனார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.